நெஞ்சுக்குள் கட்டிய நெறியிலிருந்து ஊசியால் மாதிரி எடுப்பது: மலையக ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு கைக்குறிப்பு

முதலில் கழுத்தைத் தடவிப் பாருங்கள். நெஞ்சின் நடுவே நெறி கட்டியிருக்கிறது என்று சீ.டீ. ரிப்போர்ட் வந்தவுடன் நோயாளியின் பெயரை பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழலுக்குள் கெமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) பட்டியலில் எழுதிவிடுகிறோம். அதற்கு முன் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் நின்று, இரண்டு காறை எலும்புகளுக்கும் மேலே உள்ள பள்ளத்தில் விரல் நுனியால் நிதானமாகத் தேடுங்கள். ஒரு நிமிட வேலை. அங்கே கொண்டைக்கடலை அளவில் ஒரு நெறி தட்டுப்பட்டால் சாதாரண ஊசியும் சிரிஞ்சுமே போதும். மயக்க மருந்து வேண்டாம், பட்டினி வேண்டாம், மஸ்கெலியாவிலிருந்து விடியுமுன் பஸ் பிடித்து கண்டிக்கு வர வேண்டியதும் பல நேரம் இருக்காது. சளி வருகிறவர் என்றால் டீபி கிருமிக்கான சளிப் பரிசோதனையும் இதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

கழுத்தில் ஒன்றும் இல்லை, சளியிலும் பதில் இல்லை என்றால்தான் கீழே உள்ளவை தேவைப்படும். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் இந்த வேலையைப் பழகும் இளம் டொக்டர்களுக்கும் தாதியருக்கும் லேப் உத்தியோகத்தருக்கும் எழுதுகிறோம். வாசித்துவிட்டு ஊசியைக் கையில் எடுக்கிற வேலை இல்லை இது. தெரிந்தவர் பக்கத்தில் நிற்கப் பழக வேண்டியது. ஆனால் ஒன்றைத் துணிந்து சொல்லலாம். பரிசோதனை வீணாவதற்குக் காரணம் ஊசி நெறிக்குள் போகாதது மட்டுமில்லை. முந்திய நாள் ஆயத்தத்திலும், ஊசி வெளியே வந்த அடுத்த அரை நிமிடத்திலும் அதைவிட நிறைய வீணாகிறது.

எந்தக் கணு, எந்த வழி

ஊரில் நெறி என்பதை ரிப்போர்ட்டில் நிணநீர்க் கணு என்று எழுதுவார்கள். சீ.டீ.யில் அதன் குறுகிய குறுக்களவு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெருத்த கணு என்று கணக்கு. நீளப்பக்கத்தை அளந்து ஏமாறாதீர்கள். ஸ்கேன் நாளத்தில் மருந்து ஏற்றி எடுத்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது கணு, எது நுரையீரல் தமனி என்று பிரித்தறிவது கஷ்டம். ஊசி போடும் இடத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

கணுக்களுக்கு எண்கள் உண்டு. 7 என்பது மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் கவட்டைக்கு நேர் கீழே இருப்பது. 4ஆர் மூச்சுக்குழலின் கீழ்ப்பகுதிக்கு வலப்புறம், அசைகஸ் சிரையின் கீழ் விளிம்புக்கு மேலே. 4எல் இடப்புறம், பெருந்தமனி வளைவுக்கும் இடது நுரையீரல் தமனிக்கும் நடுவில். 10, 11 கிளைக்குழல்களை ஒட்டியவை. இவையெல்லாம் மூச்சுக்குழல் வழியாக எட்டக்கூடியவை. 5, 6 பெருந்தமனிக்கு அந்தப் பக்கம் கிடப்பதால் இந்த வழியில் எட்டாது. 8, 9 உணவுக்குழாய் வழியாகத்தான் வசப்படும்.

கருவியில் இரண்டு வழி. சாதாரண பிராங்கோஸ்கோப்புக்குள் நீண்ட ஊசியை விட்டு, ஸ்கேன் படத்தை மனதில் வைத்துக்கொண்டு குத்துவது பழைய முறை. கண்ணுக்குத் தெரியாமல் குத்துவதால் இது 7, 4ஆர் ஆகிய இரண்டு இடங்களுக்கும், அதுவும் 2 சென்டிமீட்டர் அளவுக்குப் பெருத்த கணுக்களுக்குமே நம்பகமானது. நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய ஸ்கோப்பை வைத்து, ஊசி போவதைத் திரையில் பார்த்தபடி எடுப்பது ஈபஸ். அதில் 5 மில்லிமீட்டர் கணுவையும் குத்தலாம். ஈபஸ் கிடைக்கிற இடத்துக்கு அனுப்ப வழியிருந்தால் சிறிய கணுவைப் பழைய முறையில் குத்திப் பார்ப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. கவட்டைக்குக் கீழே பெரிய கட்டியாக இருந்து, ஈபஸுக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றால் பழைய முறையே நல்லது.

என்ன நோயை எதிர்பார்க்கிறோம் என்பது மாதிரியை எந்தப் போத்தலில் போடுவது என்பதைத் தீர்மானிக்கும். டீபி, நுரையீரல் புற்றுநோய், லிம்போமா (நிணநீர்க் கலங்களில் தொடங்கும் புற்று), சார்கொய்டோசிஸ் (கிருமியோ புற்றோ இல்லாமல் கணு வீங்கும் நோய்) நான்கையும் ஒவ்வொரு தடவையும் நினைக்க வேண்டும். மலையகத்தில் ஐந்தாவதாகப் புகையும் உண்டு. ஜன்னல் சிறுத்த லயத்து அறையில் பல வருடம் விறகடுப்பில் சமைத்தவரின் கணுக்களில் கரி படிந்து அவை பெருத்திருக்கலாம். ஊசியில் மை போலக் கறுப்பாக வந்தால் இடம் தவறிவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். கணுவுக்குள் போய் வந்ததற்கு அதுவே நல்ல அடையாளம். கரி இருப்பதால் டீபியோ புற்றோ இல்லை என்று ஆகிவிடாது. மற்ற மாதிரிகளும் வழக்கம்போலப் போக வேண்டும்.

மாதிரி எடுக்கும்வரை இரண்டு மருந்துகளைத் தொடங்காதிருப்பது நல்லது. சார்கொய்டோசிஸாக இருக்கும் என்று ஊகித்து பிரெட்னிசொலோன் கொடுத்தால் லிம்போமா சுருங்கி மறைந்துகொள்ளும். இருமலுக்கு லெவோஃப்ளொக்சசின் கொடுத்தால் அது டீபி கிருமியை அரைகுறையாக அடக்கி, வளர்ப்புப் பரிசோதனையை (லேபில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) கெடுக்கும். தோட்ட டிஸ்பென்சரியிலோ டவுனில் தனியார் டொக்டரிடமோ என்ன குளிசை எடுத்தார் என்று கேட்பதற்கு இதுதான் காரணம். பெயர் தெரியாது என்பார்கள். காலியான அட்டையைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

முந்திய நாள்

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது வேறு, சம்மதம் வாங்குவது வேறு. நோயாளிக்குப் புரிகிற தமிழில் பேசுங்கள். "வாய் வழியா ஒரு மெல்லிய கெமராக் குழாய் மூச்சுக்குழலுக்குள்ள போகும். அதுக்குள்ளால ஒரு ஊசி போய் நெறியில கொஞ்சம் எடுக்கும். இருமல் வரும், மூச்சு நிக்காது. அந்த நேரம் பேச ஏலாது, கையை உயர்த்துங்க, நாங்க நிறுத்துவோம்." இந்த நாலு வசனத்தை ஆயத்த அறையில் இன்னொரு தடவையும் சொல்லுங்கள். சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டர் செய்கிறார் என்றால், தமிழ் தெரிந்த ஒருவர் முழு நேரமும் தலைமாட்டில் நிற்க ஏற்பாடு செய்ய வேண்டும். உடன் வந்த சின்னப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவது முறையில்லை.

"கட்டியைக் குத்தினா பரவிடும்" என்ற பயம் பலருக்கும் இருக்கும். அதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். எந்த நோய் என்று தெரியாமல் மருந்து தொடங்க முடியாது, இந்த மெல்லிய ஊசியால் நோய் பரவுவது மிக மிக அரிது என்று நேராகச் சொல்லுங்கள். ஆபத்தையும் மறைக்க வேண்டாம். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இரத்தக் கசிவு, காய்ச்சல் போன்ற ஏதாவது சிக்கல் வரலாம். பெரிய ஆபத்து அதைவிட அரிது.

சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும். தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் வரை குடிக்கலாம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். "தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சேன்" என்பார்கள். பால் சேர்த்தது என்றால் சாப்பாட்டுக் கணக்கில் சேரும். சாயத் தண்ணி என்றால் தண்ணீர்க் கணக்கு. எந்தத் தேத்தண்ணி, எத்தனை மணிக்கு என்று இரண்டையும் கேளுங்கள்.

வெற்றிலையையும் முந்திய இரவோடு நிறுத்தச் சொல்ல வேண்டும். வாயில் ஒதுக்கிய பாக்குத் துண்டு ஸ்கோப்போடு கீழே போகலாம். இன்னொன்று, வெற்றிலைச் சிவப்பு எச்சில் உறிஞ்சு போத்தலில் இரத்தம் போலவே தெரியும். ஊசி போடும்முன் போத்தலைப் பார்த்து, ஏற்கனவே எவ்வளவு, என்ன நிறம் என்று கவனித்துக்கொண்டால் பிறகு வீண் பதற்றம் இல்லை. ஆடும் பல் இருந்தால் குறித்து வையுங்கள். வாய்க்கட்டை வைக்கும்போது விழலாம்.

இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் குளிசைகளில் அஸ்பிரினைத் தொடரலாம். க்ளோபிடோக்ரெல் என்றால் 7 நாள், வார்ஃபரின் என்றால் 5 நாள் முன் நிறுத்தி, ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) 1.5க்குக் கீழே வந்ததா என்று பார்க்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு நெஞ்சு நோய் டொக்டர் தனியாக முடிவெடுக்காமல் இதய டொக்டரைக் கேட்பது கட்டாயம். மாரடைப்பு வந்து 4 கிழமை ஆகாதவருக்குத் தள்ளிப்போடுங்கள். இரத்தத் தட்டணுக்கள் 50,000க்குக் குறைந்தால் செய்ய வேண்டாம்.

எடை பார்ப்பதைத் தட்டிக் கழிக்காதீர்கள். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினின் எல்லை கிலோவுக்கு 7 மில்லிகிராம். கொழுந்து பறிக்கும் அம்மா 40 கிலோ இருந்தால் அவருக்கு மொத்தமாக 280 மில்லிகிராம்தான். 10 சதவீத ஸ்பிரேயை ஒரு தடவை அழுத்தினால் 10 மில்லிகிராம். பத்துத் தடவை அடித்தால் 100 போயிற்று. மீதி 180. உள்ளே 1 சதவீத மருந்தை 2 மில்லிலீட்டராகத் தெளித்தால் தடவைக்கு 20 மில்லிகிராம், ஒன்பது தடவைக்கு வரும். அதே அளவு 2 சதவீத மருந்து என்றால் தடவைக்கு 40; நாலோடு நிறுத்த வேண்டும், ஐந்தாவது எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே 1 சதவீதமே நல்லது. இருமலை அடக்குவதிலும் அது குறைந்ததில்லை. தாதி ஒருவர் கரும்பலகையிலோ தாளிலோ ஒவ்வொரு தடவையையும் கோடு போட்டு எண்ண வேண்டும். உதட்டைச் சுற்றி விறுவிறுப்பு, காதில் இரைச்சல், திடீரென்று உளறல், தசைத் துடிப்பு இவை வந்தால் அளவு கூடிவிட்டது. அதற்குமேல் ஒரு துளியும் கொடுக்காமல் வலிப்புக்கு ஆயத்தமாகுங்கள்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விரலில் மாட்டி ஒக்சிசன் அளவு பார்க்கும் கருவி ஆரம்பத்திலேயே 94, 95 சதவீதம் காட்டலாம். ஈபஸ் ஸ்கோப் நுனி 7 மில்லிமீட்டருக்குக் கிட்டிய பருமன் உள்ளது. சிறு உடம்புக்காரரின் மூச்சுக்குழலில் கணிசமான இடத்தை அடைத்துவிடும். கண்டியில் கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம் என்கிற நேரத்தில் மேலே விட்டுப் பிடிக்க முடியாது. ஒக்சிசனை ஆரம்பத்திலிருந்தே மூக்குக் குழாயில் கொடுங்கள். 90க்குக் கீழே ஒரு நிமிடம் நின்றால் ஸ்கோப்பை வெளியே எடுங்கள்.

மேசையில்

நோயாளி உள்ளே வருமுன் போத்தல்கள் எல்லாம் பெயர் எழுதி, திறந்து மூடிப் பார்த்து, வரிசையாக நிற்க வேண்டும். ஒரு முனை மங்கலாக உள்ள ஸ்லைட் பன்னிரண்டு, பென்சிலில் பெயரும் எண்ணும். பேனையால் எழுதினால் அல்கஹோலில் மை கரைந்து யாருடைய ஸ்லைட் என்று தெரியாமல் போய்விடும். 95 சதவீத அல்கஹோல் ஜாடி ஒன்று. 10 சதவீத ஃபோர்மலின் போத்தல் ஒன்று. ஃபோர்மலின் படாத, கிருமி நீக்கிய சேலைன் போத்தல் இரண்டு. லிம்போமா சந்தேகம் என்றால் மூன்றாவது சேலைன் போத்தல் அல்லது லேப் தரும் தனித் திரவம்.

ஃபோர்மலினையும் சேலைனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டும் நிறமில்லாத தண்ணீர், அவசரத்தில் மாறும். ஃபோர்மலினில் விழுந்த மாதிரியில் டீபி கிருமி செத்துப்போகும், பிறகு வளர்ப்பு நடக்காது. அந்த நோயாளி திரும்பவும் பட்டினி இருந்து, திரும்பவும் பஸ் ஏறி, திரும்பவும் இந்தக் குழாயை விழுங்க வேண்டும். மூடியில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டிய போத்தல் மட்டுமே ஃபோர்மலின் என்று அறையில் ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்கத்துக்கு முதலில் ஃபென்டனில் 25 மைக்ரோகிராம், பிறகு மிடசோலம் 1 முதல் 2 மில்லிகிராம். இரண்டு நிமிடம் முழுதாகப் பொறுத்து, தேவை என்றால் மட்டும் மிடசோலம் இன்னொரு மில்லிகிராம். 70 வயதுக்கு மேல் மொத்தம் 2 மில்லிகிராமைத் தாண்டாதீர்கள், இளையவருக்கு 5. ஃபென்டனில் மொத்தம் 50 மைக்ரோகிராமில் நிற்கட்டும். முறிமருந்துகளான ஃப்ளுமசெனிலும் நலோக்சோனும் அலுமாரிக்குள் இல்லாமல் மேசை மேல் இருக்க வேண்டும்.

டீபி சந்தேகம் உள்ளவரைப் பட்டியலில் கடைசியாக வையுங்கள். அறையில் எல்லோருக்கும் என்95 முகக்கவசம். வெளியே மூடுபனியும் குளிரும் என்று ஜன்னலை அடைத்துக்கொள்ளக் கூடாது.

பழைய முறை

7க்கு, ஸ்கோப்பை வலது பெருங்கிளைக்குள் சற்று விட்டு, கவட்டை விளிம்பிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் கீழே, உட்சுவரில் குத்த வேண்டும். நோயாளியின் தலைமாட்டில் நிற்பவருக்கு அது கடிகாரத்தில் 9 மணித் திசை. 4ஆருக்கு, கவட்டையிலிருந்து இரண்டாவது மூன்றாவது குருத்தெலும்பு வளையங்களுக்கு நடுவே, 1 முதல் 2 மணித் திசையில். இரண்டிலும் ஊசி சுவரோடு சரிந்து போகாமல் முடிந்தவரை நேராக இறங்க வேண்டும். 45 பாகைக்கும் குறைந்தால் சுவருக்குள்ளேயே ஓடி, சவ்வுத் துணுக்கு மட்டும் வரும்.

ஊசி தடைபட்டு நின்றால் அது குருத்தெலும்பு. அழுத்தாதீர்கள், வளையும். ஒரு வளையம் மேலோ கீழோ நகர்த்துங்கள். உள்ளே போனதும் முதலில் சிறிது உறிஞ்சிப் பாருங்கள். இரத்தம் பாய்ந்து வந்தால் உறிஞ்சுவதை விட்டு, ஊசியை எடுத்து, வேறு இடம். வராவிட்டால் 20 மில்லிலீட்டர் சிரிஞ்சில் உறிஞ்சியபடி பத்துப் பதினைந்து தடவை முன்னும் பின்னும் ஆட்டி, உறிஞ்சுவதை நிறுத்திய பிறகே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். நிறுத்தாமல் எடுத்தால் மூச்சுக்குழல் சளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். கழுவி எடுப்பதும் தூரிகை போடுவதும் இதற்குப் பிறகுதான். முதலே செய்தால் குழலில் உள்ள புற்றுக் கலங்கள் ஊசியில் ஒட்டி, கணுவிலும் புற்று இருப்பதாகப் பொய் ரிப்போர்ட் வரும்.

ஈபஸ்

நுனியில் மாட்டும் பலூனை சேலைனால் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றுவதில் தொடங்குகிறது வேலை. குமிழ் இருந்தால் திரையில் கறுப்புப் பட்டை விழும். பலூன் ரப்பர் பாலில் செய்தது. லேடெக்ஸ் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஸ்கோப் நேரே பார்க்காது. 30 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்து மேலே பார்க்கும். குரல் நாண்களை முழுதாகத் திரையில் பார்த்துக்கொண்டே உள்ளே விட்டால் நுனி பின்னால் உணவுக்குழாயில் இடிக்கும். நாண்கள் முன்பக்கம் சேரும் முனை மட்டும் திரையின் கீழ் விளிம்பில் தெரியும்போது மெதுவாக இறக்குங்கள். பழகுகிறவர்கள் முதலில் திணறுவது இங்கேதான்.

7ஐப் பார்க்க, பெருங்கிளைக்குள் விட்டு உட்பக்கம் திருப்புங்கள். 4ஆருக்கு, மூச்சுக்குழலின் கீழ்ப்பகுதியில் வலம் முன்பக்கம் திருப்பி, அசைகஸ் சிரையைக் கண்டுபிடித்து அதற்கு மேலே. 4எல் பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் டொப்ளரை (இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் வசதி) போட்டு நிறம் ஓடுகிறதா என்று பார்க்காமல் ஊசியைத் தொட வேண்டாம். புற்றுநோய் எவ்வளவு தூரம் பரவியது என்று அறியச் செய்வதானால் எதிர்ப்பக்கக் கணுவில் தொடங்கி, பிறகு நடுவில் உள்ளவை, கடைசியாகக் கட்டி இருக்கும் பக்கத்துக் கிளைக் கணு. வரிசை மாறினால், ஒட்டிவந்த கலங்களால் ஆபரேஷன் செய்யக்கூடியவரும் செய்ய முடியாதவராக எழுதப்படுவார்.

22 அல்லது 21 கேஜ் ஊசி, இரண்டும் சமமே. நுனியை நேராக்கிக்கொண்டு ஊசித் தொகுதியை ஸ்கோப்புக்குள் விட்டுப் பூட்டுங்கள். உறையின் நுனி திரையில் தெரியும்வரை தள்ளி, அதையும் பூட்டிய பின்னரே ஊசி. உறை தெரியாமல் ஊசியை விட்டால் அது ஸ்கோப்பின் உட்குழாயைத் துளைக்கும். திருத்துவதற்கு ஸ்கோப்பை வெளியே அனுப்ப வேண்டும். அதுவரை அறைக்குப் பூட்டுத்தான்.

உள்ளிருக்கும் கம்பியைக் கொஞ்சம் பின்னிழுத்தால் ஊசி முனை கூர்மையாக வெளிப்படும். ஸ்கோப்பைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, வளையங்களுக்கு நடுவே ஒரே வீச்சில் கணுவுக்குள் இறக்குங்கள். திரையில் ஊசி வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். கோடு தெரியாவிட்டால் மேற்கொண்டு அசைக்காதீர்கள். கம்பியை ஒருமுறை தள்ளி, முனையில் அடைத்த சுவர்த் துணுக்கை வெளியேற்றி, பிறகு முழுதாக உருவுங்கள். சிரிஞ்சை மாட்டிப் பத்துப் பதினைந்து தடவை ஆட்டுங்கள். கணுவின் ஒரே புள்ளியில் ஆட்டாமல் முனையை மெதுவாக மேலும் கீழும் சாய்த்து வெவ்வேறு இடங்களில் எடுப்பது நல்லது. நடுவில் அழுகியதுபோல் கறுப்பாகத் தெரியும் கணுவில் கலப் பரிசோதனைக்கு ஓரத்தையும், டீபி பரிசோதனைக்கு நடுவையும் குத்துங்கள். இரத்தம் அதிகம் வருகிற கணுவில் சிரிஞ்சே வேண்டாம், ஆட்டினாலே வரும்.

உறிஞ்சுவதை நிறுத்தி, ஊசியை உறைக்குள் முழுதாக இழுத்து, பூட்டு விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகே தொகுதியைக் கழற்றுங்கள்.

துளி வெளியே வந்த பிறகு

இங்கேதான் அவசரமும் நிதானமும் ஒன்றாக வேண்டும். கம்பியை மெதுவாகத் தள்ளினால் ஊசி முனையில் முதலில் ஒரு துளி திரளும். கடுகு அளவு போதும். அதை ஸ்லைடின் நடுவில் வைத்து, இன்னொரு ஸ்லைடை மேலே வைத்து, துளி தானாகப் பரவிய பிறகு அழுத்தாமல் இழுத்துப் பிரியுங்கள். அழுத்தினால் லிம்போமாக் கலங்களும் சிறு கலப் புற்றுக் கலங்களும் நசுங்கி நூல்போல் நீளும். அதை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்று அந்தக் கணமே அல்கஹோல் ஜாடிக்குள் போக வேண்டும்; எண்ணிச் சில விநாடி தாமதித்தாலும் ஓரம் காய்ந்து கலக்கரு மங்கிவிடும். மற்றது காற்றில் காய வேண்டும்.

காற்றில் காயும் ஸ்லைடுக்கு மலைநாட்டு ஈரம் பெரிய எதிரி. மூடுபனி நாளில் ஸ்லைட் மெதுவாகக் காய்ந்து, கலங்கள் சுருங்கி, நீர்க்குமிழ் போட்டுக் கெட்டுவிடும். ஒரு சிறிய மேசை மின்விசிறியின் முன்னால் நிறுத்திக் காயவையுங்கள். ஹீட்டரிலோ சுவாலையிலோ காட்டக் கூடாது, வெந்துபோகும்.

மீதியை ஃபோர்மலினில் தள்ளுங்கள். இழை இழையாக வரும் இரத்தக் கட்டியையும் எறியாதீர்கள்; அதற்குள் கணுத் துணுக்குகள் சிக்கியிருக்கும். லேபில் அதைக் கட்டியாக்கி வெட்டிப் பார்ப்பார்கள். திரவம் மாதிரியைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும்.

பக்கத்தில் மைக்ரோஸ்கோப்போடு ஒருவர் உட்கார்ந்து அப்போதே பார்த்துச் சொல்லும் வசதி இல்லை என்றால், ஒரு கணுவில் குறைந்தது மூன்று தடவை குத்த வேண்டும். நாலாவது தடவை வந்தது முழுவதும் ஃபோர்மலின் இல்லாத சேலைனுக்கு: டீபி ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) வளர்ப்புக்கும். சீ.டீ.யில் புற்று என்றே தோன்றினாலும் இதை விட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நம் பக்கத்தில் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், ஒன்று மற்றதைப்போல் நடிக்கவும் செய்யும். நுரையீரல் புற்றுக்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படும் என்று எதிர்பார்த்தால் ஃபோர்மலினுக்கு இன்னும் ஒன்றிரண்டு தடவை. லிம்போமா என்றால் ஒரு தடவை தனிச் சேலைனில், அன்றைக்கே லேபுக்கு.

டீபி மாதிரி வேறு ஊருக்குப் போக வேண்டும் என்றால் 2 முதல் 8 பாகை வரை குளிரில், ஐஸ் பெட்டியில். போத்தல் ஐஸைத் தொடாமல் நடுவில் துணி அல்லது அட்டை வையுங்கள், உறைந்தால் கெடும். ஸ்லைடுகளையும் ஃபோர்மலினையும் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை. காய்ந்த ஸ்லைடுகள் ஃபோர்மலின் ஆவி படாமல் தனிப் பையில் போகட்டும். ஆவி பட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது. படிவத்தில் எந்தக் கணு, எத்தனை தடவை, என்ன சந்தேகம் என்று எழுதுங்கள். "நெஞ்சுக் கணு" என்று மட்டும் எழுதியனுப்பினால் லேப் ஆட்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுபோல் ஆகும்.

கோளாறு வந்தால்

இருமல் ஓயாவிட்டால் லிக்னோகெயின் இன்னொரு 2 மில்லிலீட்டர், பிறகு ஒரு நிமிடம் அசையாமல் பொறுங்கள். மருந்து தெளித்த மறுகணமே குத்துவதால்தான் திரும்ப இருமுகிறார். ஒக்சிசன் இறங்கினால் பலூனைச் சுருக்கி, ஸ்கோப்பை மேலே இழுத்து, தாடையை உயர்த்துங்கள். குத்திய இடத்தில் சிறிது கசிவது வழக்கம், தானாக நிற்கும். நிற்காவிட்டால் ஸ்கோப் நுனியால் அழுத்திப் பிடித்து, குளிர்ந்த சேலைனை 5 முதல் 10 மில்லிலீட்டராக விடுங்கள். அதற்கும் அடங்காமல் ஒரு பக்கத்திலிருந்து வந்தால் அந்தப் பக்கம் கீழே வர நோயாளியைச் சாய்த்துப் படுக்க வைத்து, மயக்க டொக்டரைக் கூப்பிடுங்கள்.

ஊசி மறுபக்கம் வளைந்திருந்தால் அதைக் கையால் நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். புதியது எடுங்கள்.

கழுவுதல் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கசிவுச் சோதனை, நொதிச் சவர்க்காரம், உட்குழாய்க்குத் தூரிகை, பிறகு 2 சதவீத குளூட்டரல்டிஹைட்டில் 20 நிமிடம் என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். கோட்டை விடுவது கடைசி அலசலில். குழாய்த் தண்ணீரில், அதிலும் பீலியிலிருந்து வரும் தண்ணீரில், டீபியின் ஒன்றுவிட்ட சகோதரங்களான கிருமிகள் சாதாரணமாகவே இருக்கும். அதில் அலசிய ஸ்கோப்பால் எடுத்த மாதிரியில் சாயம் போட்டுப் பார்த்தால் டீபி போலவே சிவப்புக் குச்சிகள் தெரியும். இல்லாத நோய்க்கு ஆறு மாதம் மருந்து குடிக்க நேரும். கிருமி நீக்கிய தண்ணீரிலோ நுண்வடி போட்ட தண்ணீரிலோதான் கடைசியாக அலசி, அல்கஹோல் விட்டு, தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

தொண்டை மரத்திருப்பதால் 2 மணி நேரம் வாயில் ஒன்றும் படக் கூடாது. பிறகு ஒரு மிடறு பச்சைத் தண்ணீர். புரையேறாமல் இறங்கினால் சாப்பிடலாம். முதல் வாயே கொதிக்கும் தேத்தண்ணியாக இருக்கக் கூடாது. நாக்கு மரத்தவருக்குச் சுட்டதும் தெரியாது. தனியாக அனுப்பாதீர்கள். மயக்க மருந்து பட்டவர் 24 மணி நேரம் வாகனம் ஓட்டவோ, பத்திரத்தில் கையெழுத்திடவோ, மலைச்சரிவில் கூடை சுமக்கவோ கூடாது. மறுநாள் வேலைக்குப் போகாமலிருக்க மருத்துவச் சான்றிதழை அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். அதற்காக அவர் இன்னொரு நாள் சம்பளத்தை இழந்து வரக் கூடாது.

அன்று இரவு இலேசான காய்ச்சலும் சளியில் இரத்தக் கோடும் வரலாம். மேசைக்கரண்டி அளவு இரத்தம், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுக் குத்து என்றால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். 24 மணி நேரம் தாண்டியும் காய்ச்சல் நின்றாலோ, சில நாள் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு திரும்ப வந்தாலோ, தோட்ட டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கிக்கொண்டு இருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள். அழுகிய கணுவைக் குத்திய இடத்தில் நெஞ்சுக்குள் சீழ் பிடிக்கலாம். இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் உடன் வந்தவரிடம் திருப்பிச் சொல்லக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டுகள் ஒரே நாளில் வராது. ஜீன்எக்ஸ்பர்ட் ஓடுவதற்கு இரண்டு மணி நேரமே எடுக்கும். திரவ வளர்ப்பு 42 நாள், திட வளர்ப்பு 8 கிழமை வரை போகும். ஜீன்எக்ஸ்பர்ட் இல்லை என்று சொன்னாலும் வளர்ப்பு ஆம் என்று சொல்லலாம். கணுக்கலம் கூட இல்லாமல் வெறும் இரத்தம் என்று வந்தால் அது நோய் இல்லை என்ற பதில் ஆகாது. திரும்ப எடுக்க வேண்டும், அல்லது கழுத்தடியில் சிறு வெட்டுப் போட்டு எடுக்கும் ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே கிளினிக் கொப்பியில் இரண்டு திகதி எழுதுங்கள்: கலப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு ஒன்று, எட்டாவது கிழமை முடியும் நாள் வளர்ப்புக்கு ஒன்று. வீட்டில் யாருடைய போன் நம்பருக்குப் பேசினால் செய்தி சேரும் என்பதையும் அதே பக்கத்தில், நோயாளி முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.